மாத்திரைக்கும் தட்டுக்கும் நடுவே மூன்று மணி நேரம்: தைராய்டு குறைவில் எடை இறங்கிய ஒரு நிகழ்வு

“பச்சத் தண்ணி குடிச்சாலும் உடம்பு வைக்குது மேடம்.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான். தைராய்டு சுரப்பு குறைந்து என்னிடம் வருகிறவர்கள் பலரும் சொல்வது இது. உணவியல் ஆலோசகராக இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு சபலங்கள் வரும். “அதெல்லாம் இல்லை, சாப்பாட்டைக் குறைங்க” என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிடலாம். இல்லையென்றால், “பாவம், எல்லாம் தைராய்டு படுத்தும் பாடு” என்று தலையாட்டி அனுப்பிவிடலாம். இரண்டுமே சோம்பேறித்தனம். இவர் விஷயத்தில் இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் பிழையாகப் போயிருக்கும். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

வந்தபோது

வயது 42. உயரம் 158 செ.மீ. எடை 78.4 கிலோ, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 31.4. நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து பார்க்கும் வேலை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஹாஷிமோட்டோ தைராய்டிடிஸ் என்று கண்டுபிடித்து, குறையும் ஹார்மோனை ஈடுகட்டும் லெவோதைராக்ஸின் மாத்திரை தொடங்கியிருந்தார்கள். உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியை அரிக்கும் இந்த நோயை 1912ல் விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோவின் பெயர்தான் அதற்கு. மாத்திரை அளவு தினமும் 75 மைக்ரோகிராம். சுரப்பி அறவே ஓய்ந்துவிட்டவர்களுக்கு எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் என்று கணக்கிடுவார்கள். இவருடைய சுரப்பி இன்னும் பாதி வேலை பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த அளவு போதும் என்பது மருத்துவரின் முடிவு.

கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. அதில் நான்கு மாதத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை அறிக்கை: டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு சுரப்பு குறைந்தால் இது ஏறும்) 2.6. பொதுவாக 0.4 முதல் 4.0 வரை இயல்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால் இது நல்ல எண். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தால் நல்ல எண்ணாகத் தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே லேசான வீக்கம், வறண்ட தோல், மலச்சிக்கல், எல்லோரும் மின்விசிறி கேட்கும் அறையில் தோளைச் சுற்றி ஒரு சால்வை. விரலில் மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது. சோப்பு போட்டும் வரவில்லை, நகைக்கடையில் வெட்டித்தான் எடுக்க வேண்டும் போல என்றார்.

இதற்கு முன் அவர் செய்து பார்த்ததும் உண்டு. ஐந்து வாரம் நாளுக்கு 800 கலோரி. 4 கிலோ குறைந்தது. அடுத்த மூன்று மாதத்தில் 5 கிலோ ஏறியது. கூடவே முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பட்டினி நாட்களில் உடல், தைராய்டு ஹார்மோனான டி4ஐ அதன் சுறுசுறுப்பான வடிவமான டி3யாக மாற்றுவதைக் குறைத்துக்கொள்ளும். தைராய்டு நோயே இல்லாதவருக்கும் இது நடக்கும். ஏற்கெனவே சுரப்பு குறைந்தவர் தன் கையாலேயே இன்னொரு பூட்டும் போட்டுக்கொள்வதுதான் இது.

கொட்டும் முடிக்காகத் தோழி ஒருவர் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சிபாரிசு செய்திருக்கிறார். நாளுக்கு 10 மில்லிகிராம். மூன்றாவது கேள்வியிலோ நான்காவது கேள்வியிலோ இது வெளியே வந்தபோதுதான் அந்த 2.6 மேல் எனக்கு நம்பிக்கை போனது. நமக்கு ஒரு நாளுக்குத் தேவையான பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். அவர் எடுத்தது அதைப்போல 300 மடங்குக்கும் மேல். அதனால் உடலுக்குப் பெரிய கேடில்லை, பரிசோதனைக்குத்தான் கேடு. பல ஆய்வகங்களில் டிஎஸ்எச் அளக்கும் முறையே பயோட்டினை ஒட்டுப்பசை போலப் பயன்படுத்துவது. ரத்தத்தில் மிதக்கும் உபரி பயோட்டின் அந்த ஒட்டும் இடங்களைப் பிடித்துக்கொண்டால், டிஎஸ்எச் உள்ளதைவிடக் குறைவாகவும், ஃப்ரீ டி4 (ரத்தத்தில் கட்டுப்படாமல் உலவும் டி4) உள்ளதைவிடக் கூடுதலாகவும் காட்டும். அதாவது, மாத்திரை போதாத ஒருவரின் அறிக்கை “எல்லாம் சரி” என்று வந்துவிடும்.

அவருடைய மருத்துவருக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். பயோட்டினை நிறுத்தி ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். டிஎஸ்எச் 9.8. ஃப்ரீ டி4 இயல்பின் கீழ்க்கோட்டை ஒட்டி நின்றது.

முதல் உணவுப் பழக்கம்: மாத்திரை

இந்த இடத்தில் மாத்திரை அளவைக் கூட்டியிருக்கலாம். மருத்துவர் கூட்டவில்லை. “எப்படிச் சாப்பிடுறாங்கன்னு முதல்ல பாருங்க” என்று என்னிடமே திருப்பி அனுப்பினார். அந்த ஒரு வரிக்கு அவருக்கு நான் கடன்பட்டவள்.

எப்படிச் சாப்பிட்டார்? எழுந்ததும் பால் காபி. அந்தக் காபியோடு தைராய்டு மாத்திரை. எலும்புக்கென்று எழுதிக் கொடுத்த கால்சியம் மாத்திரையும் மறக்காமல் இருக்க அதே கையில். பத்து நிமிடத்தில் காலை உணவு. “வெறும் வயித்துலதான் போடுறேன் மேடம்” என்று அவர் உறுதியாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. காபி குடிக்கும் அந்தக் கணம்வரை வயிறு வெறுமையாகத்தானே இருந்தது!

லெவோதைராக்ஸின் கூச்சமுள்ள மருந்து. சிறுகுடலில் அது உள்ளே போவதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும், அமிலம் இருக்க வேண்டும், பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் ஆட்கள் யாரும் இருக்கக் கூடாது. காபி அதன் உறிஞ்சுதலைக் குறைக்கும். கால்சியமும் இரும்புச்சத்தும் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். அவற்றுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும் என்பது அதனால்தான். சோயாவும் அதிக நார்ச்சத்தும் அப்படியே. இவர் 75 மைக்ரோகிராமை விழுங்கிக்கொண்டிருந்தார், ஆனால் உடலுக்குப் போய்ச் சேர்ந்தது அதில் ஒரு பங்குதான்.

வழக்கமான அறிவுரை, காலையில் தண்ணீரோடு மாத்திரை, அதன்பின் 30 முதல் 60 நிமிடம் எதுவும் கூடாது. சொல்லிப் பார்த்தேன். “காபி இல்லாம ஒரு மணி நேரமா?” என்று கேட்டவரின் முகத்தைப் பார்த்ததும், இந்த யோசனை ஒரு வாரம்கூடத் தாங்காது என்று புரிந்துவிட்டது. எழுதிக் கொடுப்பது சுலபம். மூன்று ஆண்டு அல்ல, முப்பது ஆண்டு தினமும் செய்ய வேண்டிய ஒன்றை ஒருவரின் மிகப் பிடித்தமான பத்து நிமிடத்தோடு மோதவிட்டால் எது ஜெயிக்கும் என்று தெரிந்ததுதான்.

இன்னொரு வழி உண்டு: இரவு படுக்கும்போது, கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரமாவது கழித்துப் போடுவது. 2010ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் 90 பேருக்குக் காலையிலும் இரவிலும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது, இரவில் எடுத்துக்கொண்ட காலத்தில் ஹார்மோன் அளவுகள் சற்று மேலாகவே இருந்தன. மருத்துவரும் சரி என்றார். மாத்திரை இரவு 11 மணிக்குப் போனது. கால்சியம் மதியச் சாப்பாட்டோடு ஒட்டிக்கொண்டது. காலைக் காபி அதன் இடத்தில் சுதந்திரமாக இருந்தது.

இரவு 11க்கு மாத்திரை என்றால் 8 மணிக்குள் சாப்பாடு முடிய வேண்டும். 8க்கும் 11க்கும் நடுவில் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. இதைச் சொன்னபோது நான் யோசித்தது குடலைப் பற்றித்தான், கலோரியைப் பற்றி அல்ல. அவர் வீட்டில் இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு, அதன்பின் பதினொன்றரை வரை தொலைக்காட்சி முன்னால் கிண்ணத்தில் பாதாமும் முந்திரியும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மாத்திரை அந்தக் கிண்ணத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டது. “தூக்கம் வர்ற வரைக்கும் ஏதாவது கொறிக்கணும்” என்ற பழக்கத்தை, எடைக்காக என்று சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டார். மாத்திரைக்காக என்றதும் மறுபேச்சில்லாமல் விட்டார்.

எட்டு வாரம், மோதிரம்

லெவோதைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாள் ஆகும். அதனால் எந்த மாற்றமும் நிலைகொள்ள 6 முதல் 8 வாரம் தேவை. அதுவரை சாப்பாட்டின் அளவில் கை வைக்க வேண்டாம் என்று சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. எடை குறைக்க வந்தவரிடம் இரண்டு மாதம் சும்மா இருங்கள் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஆறாவது வாரம் ஒரு காலை அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். உள்ளங்கையில் மோதிரம். விரலில் அது இருந்த இடத்தில் வெளுத்த ஒரு பள்ளம். எடை எந்திரம் அதுவரை ஒரு கிலோகூடக் காட்டியிருக்கவில்லை.

தைராய்டு குறைவில் ஏறும் எடையின் இயல்பே இதுதான். திசுக்களுக்கு நடுவே சர்க்கரைத்தன்மை கொண்ட ஒரு வகைப் பிசின் சேர்ந்து, அது பஞ்சு போல நீரையும் உப்பையும் பிடித்துவைக்கும். முகமும் கண்ணிமையும் விரலும் உப்புவது அதனால்தான். 1891ல் இங்கிலாந்து மருத்துவர் ஜார்ஜ் மர்ரே ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் 46 வயதுப் பெண் ஒருவருக்குச் செலுத்தியபோதும், சில மாதங்களில் முகத்து வீக்கமும் கை வீக்கமும் வடிந்தன. அந்தப் பெண் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதே வடிதலை நான் ஒரு செல்போன் படத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது வாரம்: டிஎஸ்எச் 3.2. எடை 76.6. மாத்திரை அளவு மாறவில்லை, 1.8 கிலோ குறைந்திருந்தது.

“பாத்தீங்களா மேடம், எல்லாம் தைராய்டுதான்” என்றார் வெற்றியோடு. அங்கே நான் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டியிருந்தது. அந்த இரவுக் கிண்ணத்தை எடை போட்டுப் பார்த்திருந்தோம்: 30 கிராம், சுமார் 175 கலோரி. எட்டு வாரத்துக்கு 9,800 கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 என்ற கரடுமுரடான கணக்கில் அதுவே ஏறத்தாழ 1.3 கிலோவைச் சாப்பிட்டுவிடுகிறது. மிச்சம் அரை கிலோ சொச்சம் நீர். தைராய்டு குறைவு மட்டுமே ஏற்றும் எடை பொதுவாக 2 முதல் 4.5 கிலோ வரை. அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும்தான். நோய் எவ்வளவு தீவிரமோ அதற்கேற்பக் கூடும் குறையும். 9.8 என்ற அளவு மிகத் தீவிரமல்ல. அவர் உயரத்துக்குக் கூடுதலாக இருந்த எடையில் பெரும்பகுதிக்குச் சுரப்பியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

இதைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. அடுத்த கேள்வி எதிர்பார்த்ததுதான்: “அப்ப மாத்திரையைக் கூட்டினா எடை இறங்குமா?” இறங்கும், தசையோடும் எலும்போடும் சேர்ந்து. தேவைக்கு மேல் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு மெலியும். எடை குறைக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையை அமெரிக்காவில் மருந்தின் விவரத்தாளிலேயே கட்டம் கட்டி அச்சிடுகிறார்கள்.

எண்ணெய்ப் பாட்டில்

அவர் எழுதிவைத்திருந்த உணவுக் குறிப்பேடு அழகானது. நாள்வாரியாக, அளவோடு, கலோரியோடு. கூட்டினால் நாளுக்கு 1,150. அவருடைய எடை, உயரம், வயதை மிஃப்ளின் சூத்திரத்தில் போட்டால் சும்மா படுத்துக் கிடந்தாலே 1,400 கலோரி செலவாகும். உட்கார்ந்த வேலைக்கு அதை 1.3 முதல் 1.4 வரை பெருக்கினால் 1,820 முதல் 1,960. 1,150 சாப்பிட்டு 1,900 செலவழிப்பவர் எப்படி மாதக்கணக்கில் ஒரே எடையில் நிற்க முடியும்? சரி செய்யாத தைராய்டு செலவைக் கொஞ்சம் குறைக்கும், உண்மைதான். நாளுக்கு 750 கலோரி அளவுக்குக் குறைக்காது.

1992ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஒரு சிறிய ஆய்வு எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. 1,200 கலோரிக்குக் கீழே சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்ன 10 பேரை எடுத்து, அவர்கள் உடல் செலவிடும் ஆற்றலை நேரடியாக அளந்தார்கள். வளர்சிதை வேகம் எதிர்பார்த்த அளவில்தான் இருந்தது. சாப்பாட்டை அவர்கள் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவைவிட இவர்களிடையே தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதிகம் என்பது அதில் ஒரு கிளைச் செய்தி. இதைப் படித்துவிட்டு “பொய் சொல்கிறார்கள்” என்று முடிவுகட்டும் சக ஊழியர்களை எனக்குத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனிதர்களுக்குத் தட்டில் இருப்பது மட்டும்தான் சாப்பாடு. தட்டுக்கு வராதது நினைவிலும் வராது.

ஆகவே குறிப்பேட்டை ஓரம் வைத்துவிட்டு, சமையலறைத் தராசு ஒன்று வாங்கச் சொன்னேன். திங்கள்கிழமை காலை எண்ணெய்ப் பாட்டிலை அப்படியே எடை போட்டு எழுதிவைக்க வேண்டும், அடுத்த திங்கள் மறுபடி. அவ்வளவுதான். யாரும் எண்ணெயைக் கரண்டி கரண்டியாக அளந்து ஊற்ற மாட்டார்கள், அளந்தாலும் அந்த வாரம் மட்டும் குறைவாக ஊற்றுவார்கள். பாட்டில் எதையும் ஒளிக்காது. 640 கிராம் குறைந்திருந்தது. வீட்டில் நால்வர். தலைக்கு வாரத்துக்கு 160 கிராம், நாளுக்கு 23 கிராம், 206 கலோரி. குறிப்பேட்டில் எண்ணெய்க்கு ஒரு வரிகூட இல்லை.

அடுத்தது காபி. “அது வெறும் தண்ணிதானே மேடம்.” ஒரு குவளையில் 100 மில்லி கொழுப்பு நீக்காத பால், 65 கலோரி. தாராளமான இரண்டு கரண்டிச் சர்க்கரை, 10 கிராம், 40 கலோரி. ஒரு நாளுக்கு நான்கு குவளை. 420.

இரவுக் கிண்ணம் 175.

கூட்டிப் பார்த்தோம். 206, 420, 175: ஏறத்தாழ 800. அவருடைய 1,150ஐச் சேர்த்தால் 1,950. சூத்திரம் சொன்ன எண்ணிலேயே வந்து நின்றது. அவர் கால்குலேட்டரை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, “அப்ப நான் எழுதினது பொய் இல்லைதானே” என்று கேட்டார். இல்லை. எழுதிய ஒவ்வொரு வரியும் சரி. எழுதாத மூன்று வரிகள்தான் விஷயம்.

தட்டைத் தொடாமல்

இதனால் சிகிச்சையே தலைகீழானது. அவருடைய தட்டு ஏற்கெனவே சிறிய தட்டு. அதிலிருந்து இன்னும் பிடுங்கினால் பழைய 800 கலோரிக் கதைதான் திரும்ப வரும். தட்டின் 1,150ஐ விட்டுவிட்டு ஓரங்களை மட்டும் வெட்டினோம். இரவுக் கிண்ணம் மாத்திரையால் ஏற்கெனவே போயாயிற்று. காபி நான்கிலிருந்து இரண்டாகி, சர்க்கரை பாதியானது: 250 மிச்சம். எண்ணெயைப் பாதியாக்கினார்: 100. மொத்தம் 525 கலோரி குறைவு, நாளுக்குச் சுமார் 1,425.

தட்டுக்குள் செய்தது இடமாற்றம் மட்டும். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த 1,150 கலோரியில் புரதம் 38 கிராம்தான்; மற்றபடி மாவுச்சத்து. அதே கலோரிக்குள் புரதத்தை 75 கிராமுக்குக் கொண்டுபோனோம். காலையில் இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் தயிரும், மதியம் 100 கிராம் மீனோ கோழியோ, இரவில் பெரிய கிண்ணம் வேகவைத்த பருப்பு, மிச்சம் தானியத்திலும் பாலிலும். புரதத்தைச் செரிக்கவே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிவிடும்; மாவுச்சத்துக்கு அது 5 முதல் 10 சதவீதம்தான். அதைவிட முக்கியமாக, எடை இறங்கும்போது தசை கரையாமல் காப்பது புரதம்தான். தைராய்டு குறைவில் தசை ஏற்கெனவே சோர்ந்துதான் இருக்கும். நடையோடு, வாரம் மூன்று நாள் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியும் சேர்ந்துகொண்டது.

அவர் வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருந்ததாம்: “தொடக்கூடாதவை”. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி, சோயா, கோதுமை. இரண்டு ஆண்டாக இவற்றை அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. முட்டைக்கோஸ் வகையறாவில் அயோடினுக்குக் குறுக்கே நிற்கும் பொருள் இருப்பது உண்மைதான். சமைக்கும்போது அதன் வீரியம் பெருமளவு அடங்கிவிடும், வழக்கமான அளவில் சாப்பிடுபவருக்குக் கவலையில்லை. குறைந்த கலோரியில் வயிற்றை நிரப்பும் காய்களை ஒதுக்கிவிட்டு முந்திரி கொறித்துக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய நஷ்டம்! கோதுமை விஷயம் கொஞ்சம் வேறு. ஹாஷிமோட்டோ உள்ளவர்களிடையே, கோதுமைப் புரதம் குடலுக்கு ஒவ்வாத சீலியாக் நோய் சற்று அதிகம் என்பதால் அதற்கான ரத்தப் பரிசோதனை செய்தார்கள். இல்லை என்று வந்தது. கோதுமை திரும்பியது. சோயாவும் சாப்பிடலாம், மாத்திரைக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். கடற்பாசி மாத்திரை வாங்கலாமா என்று கேட்டபோது மட்டும் அழுத்திச் சொன்னேன், வேண்டாம். ஒரு நாளுக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். ஹாஷிமோட்டோவில் அதற்கு மேல் அள்ளிக் கொட்டினால் சுரப்பி இன்னும் படுத்துக்கொள்ளும்.

என் தவறு

ஒன்பதிலிருந்து பதினெட்டாவது வாரம் வரை 76.6 கிலோ 72.9 ஆனது. வாரத்துக்கு ஏறத்தாழ 400 கிராம். நான் மனதுக்குள் இந்தக் கட்டுரையைப் பாதி எழுதிவிட்டேன்.

அடுத்த மூன்று வாரம் எந்திரம் அசையவில்லை. 73.1 என்றுகூடக் காட்டியது. சால்வை திரும்ப வந்தது. “பழையபடி அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு மேடம்.” குறிப்பேட்டைப் பார்த்தேன், சில வார இறுதிகளில் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அதுதான் காரணம் என்று எழுதி மூடிவிடப் போனேன். 21ஆவது வாரப் பரிசோதனை வந்தது: டிஎஸ்எச் 6.4.

மாத்திரை தினமும் போடுகிறார். 11 மணி. தண்ணீரோடுதான். காபி பக்கத்தில் இல்லை, கால்சியம் மதியம். பயோட்டின் தொடவே இல்லை. “மாத்திரையோட வேற எதுவும் போடுறதில்லையே?” என்று நான்காவது முறையாகக் கேட்டபோது அவர் சற்றுத் தயங்கி, “நீங்க சொன்ன பவுடர் மட்டும்தான்” என்றார்.

நான் சொன்ன பவுடர். பன்னிரண்டாவது வாரம், மலச்சிக்கல் இன்னும் போகவில்லை என்று அவர் சொன்னபோது, எல்லோருக்கும் சொல்வதுபோல் “ராத்திரி படுக்கும்போது ஒரு கரண்டி இசப்கோல் தண்ணில கலக்கிக் குடிங்க” என்று சொல்லியிருந்தேன். படுக்கும்போது. அதே குவளையில், அதே நேரத்தில், அந்த மாத்திரையோடு. கூழாகி உப்பும் நார் மருந்தைச் சுற்றிக்கொண்டு குடலைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. காலையில் காபியும் கால்சியமும் செய்த வேலையை இரவில் என் அறிவுரை செய்தது. எட்டு வாரம் பாடுபட்டுக் காலி செய்த இடத்தில் நானே ஆளைக் குடிவைத்திருக்கிறேன்.

மருத்துவரிடம் நானே தொலைபேசியில் சொன்னேன். மாத்திரை அளவைக் கூட்ட அவர் எழுதத் தொடங்கியிருந்தார், நிறுத்திக்கொண்டார். பவுடர் மாலை 5 மணிக்குப் போனது. மூன்று வார எடைத் தேக்கம் முழுவதையும் இதன் தலையில் கட்ட மாட்டேன். அந்த வெற்றுப் பக்கங்களுக்கும் அதில் பங்குண்டு. சோர்ந்த மனிதர் குறைவாக நடப்பார், அதிகமாகக் கொறிப்பார், குறிப்பெழுத மறப்பார். எது முந்தியது எது பிந்தியது என்று பிரித்தெடுக்க நான் முயலவில்லை. அதன்பின் என் ஆலோசனைத் தாளில் ஒரு மாற்றம் செய்தேன்: எந்த உணவை, எந்தப் பொடியைப் புதிதாக எழுதினாலும் அதன் பக்கத்தில் மணி எழுதாமல் தாளைக் கொடுப்பதில்லை.

அதற்குப் பிறகு

30ஆவது வாரம் டிஎஸ்எச் 2.8, எடை 71.0. 44ஆவது வாரம் 69.3. மொத்தம் 9.1 கிலோ, ஆரம்ப எடையில் 11.6 சதவீதம். பிஎம்ஐ 27.8. அட்டவணைப்படி இன்னும் அதிக எடைதான். இன்னும் ஐந்து கிலோ குறைக்கலாமா என்று கேட்டேன். “இப்ப சாப்பிடுற மாதிரி சாப்பிட எனக்குக் கஷ்டமா இல்ல. அதுக்கு மேல கஷ்டப்படணும்னா வேணாம்” என்றார். நான் வற்புறுத்தவில்லை.

இடையில் ஒரு சண்டையும் வந்தது, எடை எந்திரத்தோடு. தினமும் காலையில் ஏறிப் பார்ப்பவர் அவர். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் ஒரு கிலோவுக்கு மேல் ஏறியிருப்பதைப் பார்த்து இரண்டு முறை எல்லாவற்றையும் விட்டுவிடப் பார்த்தார். ஏழு நாள் எண்ணைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்த ஒரு எண்ணை மட்டும் எனக்கு அனுப்பச் சொன்னேன். எடை எந்திரத்தை வீட்டைவிட்டுத் துரத்தும் எண்ணம் அதோடு போனது.

மருத்துவர் இப்போது வேறொன்றைக் கவனிக்கிறார். உடல் எடை குறைந்திருக்கிறது, மாத்திரையும் முழுதாக உள்ளே போகிறது. 75 இனி அதிகமாகிவிடக் கூடும். 52ஆவது வாரம் டிஎஸ்எச் 1.4. படபடப்பு இல்லை, தூக்கம் சரியாக இருக்கிறது, ஆகவே இப்போதைக்கு மாற்றவில்லை. மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார்.

அந்தக் கடைசிச் சந்திப்பில் அவர் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். விரலில் நிற்காமல் வழுக்குகிறது என்று உள்பக்கம் நூல் சுற்றியிருந்தார். கிளம்பும்போது மணி நாலரை. “அஞ்சு மணிக்குள்ள வீட்டுக்குப் போகணும் மேடம்,” என்றார், “பவுடர் நேரம்.”